மௌனம் சம்மதம் ஆகுமா?

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். நம் ஊரில் அதிகம் தவறாகப் பயன்பட்ட பழமொழி எது என்று போட்டி வைத்தால், இதற்கு முதல் பரிசே கொடுக்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, காபியை முடித்துவிட்டு, “பொண்ணுக்குச் சம்மதமானு கேட்டுச் சொல்லிடுங்க” என்பார்கள். உள்ளே போன அத்தை அரை நிமிஷத்தில் திரும்பி வந்து, “அவ என்னத்தைச் சொல்லப்போறா... தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா. சம்மதம்தான்!” என்று அறிவிப்பாள். அந்தத் தலை குனிந்ததற்கு ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்?

அந்தப் பெண்ணுக்காவது என்ன நடக்கிறது என்று தெரியும். பேசியிருக்க முடியும், பேச விடவில்லை, அவ்வளவுதான். ஆனால், தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்கிற சக்தியே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிற ஒருவர் மௌனமாக இருந்தால்? அதையும் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

நான் பேசுவது டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த பெரியவர்களைப் பற்றி. குறிப்பாக, அவர்களை வைத்துச் செய்யப்படும் மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி. ‘நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

குழம்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று மறப்பது மறதி. அது எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. உப்பு எதற்கு என்பதே மறந்துபோவது நோய். முதலில் பெயர்கள் போகும். பிறகு வழி. பிறகு கணக்கு, பிறகு மனிதர்கள். கடைசியில் சாப்பிடுவதும் விழுங்குவதும்கூட. 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். உங்கள் தெருவில் 60 வயதைக் கடந்தவர்கள் 30 பேர் இருந்தால், அதில் இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

இந்த நோய்க்கு மருந்து வேண்டும் என்றால் ஆராய்ச்சி வேண்டும். ஆராய்ச்சிக்கு நோயாளிகள் வேண்டும். நோயாளி சம்மதிக்க வேண்டும். சம்மதிப்பதற்கு விஷயம் புரிய வேண்டும். புரிந்துகொள்கிற திறமையைத்தான் நோய் முதலில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறதே!

இதுதான் முடிச்சு. இதை அவிழ்ப்பதற்கு உங்களை ராமநாதபுரம் கடற்கரைக்கு அழைத்துப்போகிறேன். காரணம் இருக்கிறது.

2001, ஆகஸ்ட் 6. விடிவதற்கு முன்பு ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள். பலரும் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடே அந்தப் படங்களைப் பார்த்து அதிர்ந்தது. சுப்ரீம் கோர்ட் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அந்தச் செய்தியில் எல்லோரும் சங்கிலியைப் பார்த்தோம். அதற்குப் பின்னால் இருந்த இன்னொன்றை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது யார்? பெரும்பாலும் அவர்களுடைய குடும்பத்தார்தான். தர்காவில் வேண்டிக்கொண்டால் குணமாகும் என்ற நம்பிக்கையில் தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள். தங்கிப் பார்த்துக்கொள்ள முடியாமல், சுற்றியிருந்த காப்பகங்களில் பணம் கட்டி விட்டுவிட்டுப் போனவர்கள். அவர்களைக் கொடூரமானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களைத்துப்போனவர்கள். வேறு வழி தெரியாதவர்கள். ஆனாலும், உள்ளே இருந்த ஒவ்வொருவருக்காகவும் வெளியே யாரோ ஒருவர் ‘சரி’ என்று சொல்லியிருந்தார். சங்கிலியில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் ‘வேண்டாம்’ என்று கத்தியிருந்தாலும், அது நோயின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.

காப்பகம் வேறு, ஆராய்ச்சி வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி ஒன்றுதான். தனக்காகப் பேச முடியாதவருக்காக யார் பேசலாம், எதுவரை பேசலாம்? ‘வீட்டுக்காரங்க சம்மதிச்சுட்டாங்க’ என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு ஏர்வாடி சாட்சி.

சரி, டாக்டர்களிடமே முழுசாக விட்டுவிடலாமா? அவர்கள் படித்தவர்கள், நல்லது கெட்டது தெரிந்தவர்கள் என்று தோன்றும். அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது, நியூயார்க்கில்.

1963-ல் புரூக்ளின் பகுதியில், நாள்பட்ட நோயாளிகளுக்கான யூத மருத்துவமனை ஒன்றில், 22 நோயாளிகளின் உடம்பில் உயிருள்ள புற்றுநோய் செல்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். நோயால் பலவீனமான உடம்பு அந்த செல்களை எப்படி வெளியேற்றுகிறது என்று பார்ப்பது நோக்கம். நோயாளிகளில் முதியவர்கள் இருந்தார்கள். புத்தித் தெளிவு குன்றியவர்களும் இருந்தார்கள். உள்ளே போவது புற்றுநோய் செல் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் சமாதானம். இதைச் செய்ய மறுத்த மூன்று இளம் டாக்டர்கள் வேலையை ராஜினாமா செய்தார்கள். ‘மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்குச் சுயவிருப்பமான சம்மதம் கட்டாயம்’ என்று நாஜி டாக்டர்கள் வழக்கில் நியூரம்பர்க் நீதிமன்றம் 1947-லேயே சொல்லிவிட்டது. 16 வருஷம் கழித்து, நாஜிகளிடமிருந்து தப்பியவர்களின் சமூகமே நடத்திய ஆஸ்பத்திரியில் இது நடந்தது. நல்ல நோக்கம் இருந்தால் கேட்க வேண்டியதில்லை என்று படித்தவர்களுக்கும் தோன்றிவிடுகிறது, பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டால், ‘போதும்ப்பா சாமி, புரிஞ்சுக்க முடியாதவங்க மேல ஆராய்ச்சியே வேண்டாம்’ என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். அந்தப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது.

1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு ஒரு பெண்மணியைக் கூட்டி வந்தார்கள். பெயர் அகஸ்டே டீட்டர். வயது 51. ஞாபகம் குழம்பிப்போயிருந்தது. அவரைக் கவனித்த டாக்டர், கேள்வி கேட்டுப் பதில்களை வரி வரியாக எழுதிவைத்தார். 1906-ல் அந்தப் பெண்மணி இறந்ததும் அவருடைய மூளையை வரவழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் கண்டதை அந்த வருஷமே ஒரு மாநாட்டில் சொன்னார். டாக்டரின் பெயர் அலாய்ஸ் அல்சைமர். நோய்க்கு டாக்டரின் பெயர் வந்தது. நோயைத் தன் உடம்பில் சுமந்தவரின் பெயரை உலகம் மறந்தேபோய், 1990-களில் பழைய ஃபைல் கிடைத்த பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தது. இன்றைய விதிகள் எதுவும் அன்று இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தப் பெண்மணி இல்லாவிட்டால், ‘வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப்போச்சு’ என்பதற்கு மேல் இந்த நோயைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்க இன்னும் நெடுங்காலம் ஆகியிருக்கும்.

‘அது ஜெர்மனி. நமக்கென்ன? அவங்க கண்டுபிடிச்சதை நாம வாங்கிக்கலாமே?’ என்று கேட்கலாம். அதுதான் முடியாது.

மறதி நோயைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் 1975-ல் அமெரிக்காவில் உருவானது. இன்று என்ன தேதி? என்ன பருவம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். இப்படிப் போகும். இதை எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் பக்கமே போகாத, 75 வயது அப்பத்தா ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருக்கிறார். கற்பனைதான், ஆனால் அந்தக் கரையில் நீங்கள் பார்க்கக்கூடிய அப்பத்தாதான்.

“அப்பத்தா, இன்னைக்கு என்ன தேதி?”

“தேதியெல்லாம் யாரு பாக்குறா தாயி... இன்னைக்கு நாட்டுப்படகு நாளு. போட்டு நாளைக்குத்தான் போகும்.”

“இப்ப என்ன சீஸன்?”

“வாடை எறங்கப்போவுது. இனிமே வடகடல் சும்மா இருக்காது.”

தேதிக்கு மார்க் இல்லை. பருவத்துக்கு மார்க் தருவதா வேண்டாமா என்று ஆராய்ச்சிப் பெண் குழம்புவாள். நூறிலிருந்து ஏழு கழிக்கச் சொன்னால் அப்பத்தா சிரிப்பார். ஆனால் அவர் சொன்னதில் என்ன குறை? அந்தக் கடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. யார் கடலுக்குப் போகிறார்கள் என்பதே அங்கே ஒரு காலண்டர். காற்றின் பெயரே பருவம். அவருடைய புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. கேள்வித்தாள்தான் மழுங்கியிருக்கிறது.

இதை உணர்ந்துதான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஓர் ஆய்வுக்குழு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று அந்தக் கேள்வித்தாளை இந்தியில் மாற்றி அமைத்தது. அவர்களிடம் போய், அவர்களுடைய வாழ்க்கையைப் பார்த்து, அவர்களை வைத்தே சோதித்துச் செய்த வேலை.

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் முக்கியமானது. மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவிகிதம், ஏழை மற்றும் நடுத்தர நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே போய்ச் செய்த ஆய்வுகளில் 10 சதவிகிதம்கூட அங்கே நடக்கவில்லை. இந்த அநியாயத்தையே பெயராக வைத்துக்கொண்டு ‘10/66’ என்று ஓர் ஆய்வுக்குழு இயங்கியது. சென்னையிலும், வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்தக் கிராமங்களின் பெரியவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் நோய். அந்தக் குழு உருவாக்கிய புது அளவுகோலை வைத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்! அதே ஊர், அதே பெரியவர்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழைய அளவுகோலின்படி, நோயால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருப்பதாகக் குடும்பத்தார் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் சொல்லவில்லை. “அவருக்கென்னங்க, வயசாயிடுச்சு. சோறு போடுறோம், சாப்பிடுறாரு. அவரு என்ன கலெக்டர் வேலைக்கா போகணும்?” பெரியவரிடம் யாரும் எந்த வேலையும் எதிர்பார்க்காததால், அவரால் முடியாமல் போனது யார் கண்ணிலும் படவில்லை. அன்பும் அலட்சியமும் சேர்ந்து நோயை மறைத்துவிட்டன.

இப்போது சொல்லுங்கள். ஆராய்ச்சியே வேண்டாம் என்று இருந்திருந்தால் அந்தப் பெரியவர்கள் எந்தக் கணக்கிலும் வராமல் போயிருப்பார்கள். கணக்கில் இல்லாதவருக்கு மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை, பார்த்துக்கொள்கிற மருமகளுக்கு ஆறுதலும் இல்லை. ஏர்வாடியில் சங்கிலி வந்ததற்கும் இந்த அறியாமைதானே காரணம்? ஆக, கேட்காமல் ஊசி போடுவது ஒரு கொடுமை என்றால், கேட்கவே போகாமல் ஒதுக்கிவைப்பதும் கொடுமைதான்.

நடுவில் ஒரு வழி வேண்டும். சட்டம் ஒன்று சொல்கிறது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை போட்டது. அதே சட்டத்தின் 99-வது பிரிவு ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. முதல் விதி, நோயாளியே விஷயம் தெரிந்து சுதந்திரமாகச் சம்மதிக்க வேண்டும். அவரால் அது முடியாது. ஆனால் அவர் ‘எதிர்க்கவும் இல்லை’ என்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். சம்மதிக்கக்கூடிய வேறு ஆட்களை வைத்து இந்த ஆய்வைச் செய்யவே முடியாது, இது இதே மாதிரி நோயாளிகளின் தேவைக்கான ஆய்வு, ஆய்வு செய்கிறவர்களுக்கு இதில் உள்குத்து லாபம் எதுவும் இல்லை, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது என்றெல்லாம் உறுதியானால், நோயாளியின் நியமனப் பிரதிநிதி சம்மதிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

நல்ல சட்டம். ஆனால் ‘எதிர்க்கவில்லை’ என்ற அந்த ஒற்றை வார்த்தையில் நம் பழைய பழமொழி ஒளிந்துகொண்டிருக்கிறது. எதிர்க்காதவர் எல்லாம் உடன்பட்டவரா? நம் பெரியவர்கள், புத்தி தெளிவாக இருக்கும்போதே, வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். “டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கையை நீட்டுகிற தலைமுறை அது. ஆகவே சட்டம் நம்மைக் கதவு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நம் மனச்சாட்சி.

ராமேஸ்வரம் போயிருப்பீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடம் இருக்காது. மகன் தண்ணீரில் இறங்கி, இறந்துபோன அப்பாவுக்காக எள்ளும் தண்ணீரும் விடுகிறான். தாத்தாவுக்காக, பெயர் மட்டுமே தெரிந்த முப்பாட்டனுக்காக விடுகிறான். ஒருவருக்காக இன்னொருவர் செய்யலாம் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அதனால்தான், “அப்பாவுக்குத் தெரியாதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்” என்று பேனாவை வாங்கும்போது நமக்கு உறுத்துவதே இல்லை.

ஆனால் அந்தக் கரையில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாவுக்காக மகன் முழுகுகிறான். குளிர் மகனுக்கு, புண்ணியம் அப்பாவுக்கு. ஆராய்ச்சியில் இது தலைகீழ். கையெழுத்து மகனுடையது, ஊசி அப்பாவுக்கு. வருகிற பலன் இன்னும் இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவருக்கு. அப்பாவுக்காக நாம் முழுகலாம். பிறருக்காக அப்பாவை முக்கியெடுக்க நமக்கு அதிகாரம் உண்டா?

ஒரே ஒரு விதத்தில் உண்டு என்று நினைக்கிறேன். அது அவர் செய்திருக்கக்கூடியது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்தால். புயல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் வலையை முதலில் இழுத்துப் போட்டவரா அவர்? ரத்ததானம் என்றால் முதலில் போய் நின்றவரா? அப்படியானால் நம்முடைய ‘சரி’ அவருடைய குரலின் எதிரொலி. இல்லை, ஊசி என்றாலே எழுந்து ஓடியவர், தன் உடம்பை யாரும் தொட விடாதவர் என்றால், நம்முடைய ‘சரி’ வெறும் நம்முடையதுதான். பிரதிநிதி என்ற வார்த்தைக்கு அர்த்தம், அவருக்குப் பதிலாக நாம் விரும்புவது அல்ல. அவர் விரும்பியிருக்கக்கூடியதை நாம் சொல்வது.

எதுவுமே தெரியாவிட்டால்? இதைப் பற்றி அவர் பேசியதே இல்லையென்றால்? அப்போது நமக்கு உள்ள அதிகாரம் ரொம்பச் சின்னது. கேள்வி கேட்பது, எடை பார்ப்பது, கொஞ்சம் ரத்தம் எடுப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்களுக்குச் சரி சொல்லலாம். அவருக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லாமல் ஆபத்து மட்டும் இருக்கிற விஷயத்துக்குச் சொல்லக்கூடாது. ஆபத்து என்றால் நிஜமான ஆபத்து. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப நிலை நோயாளிகளிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் முற்றும் வேகத்தை அது சுமார் 27 சதவிகிதம் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. அந்த நல்ல செய்திக்காக யாரோ அந்த ஆபத்தைச் சுமந்தார்கள். தெரிந்து சுமந்தால் அது தியாகம். தெரியாமல் சுமக்க வைத்தால் அதற்கு வேறு பெயர்.

இனி, இதில் ரொம்பக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

ஓர் அம்மா. புத்தி தெளிவாக இருந்தபோதே, “எனக்கு என்ன ஆனாலும் சரி, நாலு பேருக்கு உபயோகப்படும்னா என் உடம்பை வெச்சு என்ன வேணும்னாலும் ஆராய்ச்சி பண்ணிக்கட்டும்” என்று சொல்லி, எழுதியும் வைத்துவிட்டார். ஐந்து வருஷம் கழித்து நோய் முற்றிவிட்டது. ஆராய்ச்சி வண்டி வருகிறது. ஊசியைப் பார்த்ததும் அம்மா குழந்தை மாதிரி அழுகிறார், கையை இழுத்துக்கொள்கிறார். நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள்? எழுதிவைத்த அம்மாவையா, அழுகிற அம்மாவையா?

அமெரிக்காவின் ரொனால்ட் டுவர்கின் என்ற சட்டத் தத்துவ அறிஞர், தெளிவாக இருந்த மனிதரின் முடிவுக்கே மதிப்பு என்று 1993-ல் வாதாடினார். ஒருவரின் வாழ்க்கை என்பது முழுக் கதை; கடைசி அத்தியாயத்தின் குழப்பம் முந்தைய அத்தியாயங்களை அழித்துவிடக்கூடாது என்கிற கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களோ, இன்று எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்தான் நிஜம், நேற்றைய மனிதரின் பெயரைச் சொல்லி இவரை வதைக்காதே என்றார்கள்.

இரண்டு பேருமே பாதி சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்வதற்கு நேற்றைய அம்மாவைக் கேளுங்கள். நிறுத்துவதற்கு இன்றைய அம்மாவைக் கேளுங்கள்.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்கிறீர்களா? சொல்கிறேன். அம்மாவின் காலில் புண். மருந்து வைத்துக் கட்ட வேண்டும். அம்மா அழுகிறார். நான் கட்டத்தான் செய்வேன். கெஞ்சி, கொஞ்சி, பாட்டுப் பாடியாவது கட்டுவேன். அது அம்மாவுக்காக. ஆராய்ச்சி அம்மாவுக்காக அல்ல. அது அம்மா ஊருக்குத் தருகிற தானம். தானத்தைக் கையிலிருந்து பிடுங்கினால் அது தானம் இல்லை. ‘போன வருஷம் தர்றேன்னு சொன்னீங்களே’ என்று சீட்டைக் காட்டிப் பிடுங்குகிறவன் கடன்காரன். ஓர் அம்மாவிடம் நாம் கடன் வசூலிக்கப் போகக்கூடாது.

“குத்தினது நாளைக்கு ஞாபகமே இருக்காது சார். அப்புறம் என்ன?” என்று சிலர் கேட்பார்கள். 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் படம் மறந்துவிட்டது. ஆனால் சோகம் மறையவில்லை. ஏன் வருத்தமாக இருக்கிறோம் என்று தெரியாமலே வருத்தமாக இருந்தார்கள். ஞாபகம் போனாலும் வலி போவதில்லை. சொல்லப்போனால் காரணம் தெரியாத துக்கம்தான் பெரிய துக்கம். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த உண்மையை நமக்குச் சொல்லிக்கொடுத்ததும், ஓர் ஆராய்ச்சியில் பங்கெடுத்துக்கொண்ட நோயாளிகள்தான்.

வாயால் ‘வேண்டாம்’ சொல்ல முடியாதவர் உடம்பால் சொல்வார். உதட்டை இறுக்குவார். முகத்தைத் திருப்புவார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். எழுந்து வாசலைப் பார்த்து நடப்பார். வந்த டாக்டருக்கு அது தெரியாது. கூடவே இருக்கிற மகளுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குத் தெரியும். ஆகவே கையெழுத்துப் போட்டதோடு உறவினரின் வேலை முடிந்துவிடவில்லை. அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்து, ‘இன்னைக்கு வேண்டாம் டாக்டர், அவங்களுக்குப் பிடிக்கலை’ என்று சொல்கிற தைரியம் வேண்டும். அதைக் கேட்டு, முகம் சுளிக்காமல் பெட்டியை மூடுகிற பண்பு டாக்டருக்கு வேண்டும். ‘இப்படி இருந்தால் ஆராய்ச்சி மெதுவாகத்தானே நடக்கும்?’ ஆமாம், மெதுவாகத்தான் நடக்கும். பரவாயில்லை.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ரொம்பக் காலமாக, பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்த மாவட்டம் அது. கல்லூரி வந்தால் ஆராய்ச்சியும் வரும். வரட்டும். அந்தக் கரையின் அப்பத்தாக்களுக்குப் பொருந்துகிற கேள்வித்தாள் அந்தக் கரையிலேயே எழுதப்படட்டும். தேதிக்குப் பதில் காற்றையும், கிழமைக்குப் பதில் படகையும் கேட்கட்டும். கேட்டவர்கள், கண்டுபிடித்ததை ஆங்கிலக் கட்டுரையாக அச்சிட்டதோடு நிற்காமல், திரும்பி வந்து அந்தக் குடும்பங்களிடம் தமிழில் சொல்லட்டும்.

நீங்கள் ராமநாதபுரத்தில் இருந்தாலும் ராயப்பேட்டையில் இருந்தாலும், ஒருநாள் உங்கள் முன்னாலும் அந்தப் படிவம் வரலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வீடு யாருக்கு, நகை யாருக்கு, கொள்ளி யார் வைப்பது என்றுகூட நம் பெரியவர்கள் பேசிவிடுகிறார்கள். ‘எனக்குப் புத்தி தடுமாறினால் என் சார்பில் யார் பேசணும், எதுக்குச் சரி சொல்லலாம், எதுக்குச் சொல்லக்கூடாது’ என்பதை மட்டும் பேசுவதில்லை. அந்தச் சட்டமே, தெளிவாக இருக்கும்போது ஒரு பிரதிநிதியை எழுத்தில் நியமிக்க நம் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள். அப்படியே, உங்களைப் பற்றியும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

அதற்கெல்லாம் நேரம் தாண்டிவிட்டது, படிவம் கைக்கே வந்துவிட்டது என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெரியவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும், இன்னார் வந்திருக்கிறார்கள், இன்னது செய்யப்போகிறார்கள் என்று அவருடைய பாஷையில் சொல்லுங்கள். பதில் வராமல் போகலாம். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பாருங்கள். அதற்கு அப்புறம் பேனாவைத் திறக்கலாம்.